அகல டயர் மாட்டினால் கார் பறக்குமா? செப்பாங் கிளம்பும் முன் ஒரு கணக்கு

சுங்கைப் பட்டாணி – மைவி, சாகா, சத்ரியா வைத்திருக்கும் இளைஞர்கள் காரை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால், அதற்கு உரிய இடம் சாலையல்ல, பந்தயத் தடம்தான். கெடாவிலிருந்து கிளம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் அது செப்பாங். சுங்கைப் பட்டாணியிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். போவதென்று முடிவானதும் பலர் முதலில் கை வைப்பது எஞ்சினில் அல்ல, சக்கரத்தில். அகலமான ஸ்போர்ட் ரிம், அதற்கேற்ற அகல டயர். கடையில் மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் எந்த அளவை மாட்டுவது என்பதில்தான் பணமும் சில வேளைகளில் உயிரும் இருக்கிறது.

அகல டயர் பலன் தரும் என்பதில் பொய் இல்லை. அதற்குச் செப்பாங்கே சாட்சி. 2017-இல் ஃபார்முலா 1 விதிகள் மாறின. முன் டயரின் அகலம் 245 மில்லிமீட்டரிலிருந்து 305 ஆகவும், பின் டயர் 325-லிருந்து 405 ஆகவும் கூடின. 2016-இல் செப்பாங் தகுதிச் சுற்றில் லூயிஸ் ஹாமில்டன் எடுத்த நேரம் 1 நிமிடம் 32.850 விநாடி. மறு ஆண்டு அதே ஓட்டுநர், அதே 5.543 கிலோமீட்டர் தடத்தை 1 நிமிடம் 30.076 விநாடியில் சுற்றினார். அதோடு செப்பாங்கில் ஃபார்முலா 1 நின்றுபோனது வேறு கதை. கவனிக்க வேண்டியது, அந்த ஆண்டு டயர் மட்டும் மாறவில்லை. காரின் அகலம், இறக்கைகள், அடித்தளம் எல்லாம் சேர்ந்தே மாறின. டயரை மட்டும் அகலமாக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டால் அந்தப் பலன் கிடைக்காது.

டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். அகல டயர் போட்டால் அந்தப் பரப்பு இரண்டு மடங்காகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை. பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை காரின் எடையும் டயரின் காற்றழுத்தமும்தான். அகல டயரில் மாறுவது அந்த இடத்தின் வடிவம். நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. வளைவில் கார் பக்கவாட்டில் இழுக்கும்போது இந்த வடிவம் நன்றாகப் பிடித்து நிற்கும். சூடும் பரவலாகப் பகிரப்படும். மறுபக்கம், ரிம்மும் டயரும் கனமாகும், ஸ்டீயரிங் இறுகும், சிறிய எஞ்சின் கார் கிளம்பவே சோம்பும். 1.3 லிட்டர் மைவிக்கு 17 அங்குல ரிம் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும். தடத்தில் அது பெரும்பாலும் சுமை.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய மைவியில் வந்த 175/65 ஆர்14 என்பதில், 175 அகலம் மில்லிமீட்டரில், 65 என்பது அந்த அகலத்தில் 65 விழுக்காடு உயரம், 14 ரிம்மின் விட்டம் அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் முழுச் சக்கரத்தின் விட்டம் 583 மில்லிமீட்டர். இதற்குப் பதில் 195/50 ஆர்15 போட்டால் 576. வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல், வேகமானி அதிகம் பொய் சொல்லாது. 205/50 ஆர்15 என்றால் 586. ஏழு அங்குல அகல ரிம் இவ்விரண்டு டயர்களுக்கும் பொருந்தும். அதற்கு மேல் அகலமான ரிம்மில் 195 டயரை இழுத்து மாட்டுவது தெருவில் காட்ட மட்டுமே உதவும். வளைவில் டயர் ரிம்மை விட்டு நழுவும் ஆபத்து அதில் உண்டு.

பலரும் கேட்காமல் விடுவது ஆஃப்செட். ரிம்மில் ‘ஈடி’ என்று பொறித்திருக்கும் எண் அது. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ரிம் ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதை அது காட்டும். ஆறு அங்குல அகலமும் ஈடி 45-உம் உள்ள ரிம்மைக் கழற்றி, ஏழு அங்குலமும் ஈடி 35-உம் உள்ளதை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். அகலம் கூடியதில் பக்கத்துக்கு 12.7 மில்லிமீட்டர். ஈடி குறைந்ததில் இன்னும் 10 மில்லிமீட்டர் வெளியே. ஆக, ரிம்மின் வெளி விளிம்பு 22.7 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும், ஏறக்குறைய ஒரு விரல் அகலம். உள்பக்கம் கூடுவது 2.7 மட்டும். அதே ஏழு அங்குல ரிம் ஈடி 45-இல் கிடைத்தால் இரு பக்கமும் 12.7 கூடும், அப்போது உள்ளே அப்சோர்பரில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கணக்கை ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்த்த பிறகு ரிம் வாங்கினால், டயர் உரசி ஃபெண்டர் தகட்டை மடிக்கும் வேலையும் செலவும் மிச்சம்.

ஈடி அதிகம் குறைந்தால் இன்னொரு விளைவு உண்டு. சக்கரம் வெளியே தள்ளத் தள்ள பேரிங்கின் மேல் விழும் சுமை கூடும். தடத்தில் மணிக்கணக்கில் வளைவுகளைச் சுற்றும் காரில் பேரிங் ஊளையிடத் தொடங்குவது அதனால்தான்.

நடுத் துளையையும் பார்க்க வேண்டும். மைவியின் ஹப் 54.1 மில்லிமீட்டர். வெளியில் விற்கும் ரிம்கள் பலவற்றின் துளை 73.1. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போடாவிட்டால், அதிக வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பலர் அலைன்மென்ட், பேலன்சிங் என்று மாறி மாறிச் செலவழித்த பிறகு கண்டுபிடிப்பது இந்தச் சிறு வளையத்தைத்தான். ரிம்மில் ஜப்பானியச் சோதனைக் குறியான ‘ஜேடபிள்யூஎல்’ இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. விலை மலிந்த நகல் ரிம் குழியில் விழுந்து விரிசல் விட்டால், தடத்தில் அதை யாரும் கவனிக்கப் போவதில்லை.

அகலம்தான் எப்போதும் வெற்றி என்றும் சொல்ல முடியாது. 2002-இல் புரோட்டோன் பெர்ட் காரில் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி பட்டத்தை வென்ற மலேசியர் கரம்ஜிட் சிங் ஓட்டிய விளையாட்டில், தார்ச் சாலைக்கு அகல டயர், சரளைச் சாலைக்கு அதைவிட ஒடுங்கியது, பனிக்கு இன்னும் ஒடுங்கியது. தளர்ந்த மேற்பரப்பை வெட்டி அடியில் இருக்கும் கெட்டித் தரையைத் தொட ஒடுங்கிய டயர்தான் சரி. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் போய்வருகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

ரப்பர் மரம் சீவிய தலைமுறையின் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: சாலைப் பிடிமானத்துக்காகச் செய்யப்படும் டயரின் மேல்தோல் பெரும்பாலும் செயற்கை ரப்பர். தோட்டத்து ரப்பர் அதிகம் போவது லாரி, விமான டயர்களுக்கு.

உண்மையான ஆபத்து தடத்தில் அல்ல, திரும்பும் வழியில். தடத்துக்கு வாங்கும் செமி ஸ்லிக் டயரில் நீர் வெளியேறும் பள்ளங்கள் குறைவு. டயர் அகலமானால் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறையும். நாள் முழுக்கத் தேய்ந்த அதே டயரோடு, மாலை மழையில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 400 கிலோமீட்டர் ஓட்டுவது வளைவில் வேகமாகத் திரும்புவதைவிட மோசமான சூதாட்டம். பணம் இருந்தால் ரிம்மோடு இன்னொரு செட் டயர் வைத்துக்கொள்வதே சரி. பின் இருக்கையை மடித்தால் 15 அங்குலச் சக்கரங்கள் நான்கு மைவிக்குள் அடங்கும். 17 அங்குலம் அப்படி எளிதில் அடங்காது. சிறிய ரிம்முக்கு ஆதரவான இன்னொரு காரணம் இது.

ஃபெண்டருக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருந்தால் சாலைப் போக்குவரத்துத் துறை அபராதம் விதிக்கலாம். மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் அவசியம். பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஏற்படும் சேதத்தைச் சாதாரண கார் காப்புறுதி ஏற்பதில்லை. செப்பாங்கில் சுவரைத் தொட்டால் செலவு சொந்தப் பணம்.

பழைய டயர் வாங்குகிறவர்கள் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்களைத் தேட வேண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பள்ளம் ஆழமாக இருந்தாலும், வயதான ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

தடத்தில் டயர் சூடாகும்போது உள்ளே காற்றழுத்தம் கூடும். அதனால் அங்கு காற்றைக் கொஞ்சம் இறக்கி விடுவது வழக்கம். வீடு திரும்பும் முன் டயர் ஆறிய பிறகு, காரின் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு மீண்டும் ஏற்ற வேண்டும். புதிய ரிம் மாட்டி முதல் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை டார்க் ஸ்பேனரால் சரிபார்க்க வேண்டும். பீடோங்கில் மாட்டியிருந்தால், தைப்பிங் பக்கம் ஒரு ஓய்விடத்தில் நிறுத்தி அதைச் செய்து முடிக்கலாம்.