உங்களுக்குத் தெரியுமா? பித்தநாளக் குழாய்: பிளாஸ்டிக்கா, உலோகமா?

● நம் கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. கல்லோ கட்டியோ பித்தநாளத்தை அடைத்தால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும், உடல் அரிக்கும்.

● அடைப்பைத் தாண்டிப் பித்தநீரை இறக்கிவிடும் சிறுகுழாய்தான் ஸ்டென்ட். வாய்வழியே கருவியைச் செலுத்தி, ‘ஈஆர்சிபி’ முறையில் அதை வைப்பார்கள். 1979இல் முதல் பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை இப்படி வைத்தவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் மருத்துவர் நிப் சூஹேந்திரா. அவர் பிறந்தது நம் அண்டை நாடான இந்தோனேசியாவில்.

● பிளாஸ்டிக் குழாய் பொதுவாக 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலம் கொண்டது. உலோகக் குழாயோ ஒடுங்கி உள்ளே போய், தானாகவே 10 மில்லிமீட்டர் வரை விரியும்.

● பிளாஸ்டிக்கின் உட்சுவரில் கிருமிகள் படலமாக ஒட்டி, கசடு சேரும். அதனால் சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். உலோகம் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும்.

● உலோகத்திலும் இருவகை உண்டு. உறையில்லாத வலைக்குள் திசு வளர்ந்துவிடும். பிறகு எடுப்பது மிகக் கடினம். உறையிட்டதை எடுக்கலாம், ஆனால் அது இடம் நகரக்கூடும்.

● பித்தநாளக் கல்லை உடனே முழுதாக அகற்ற முடியாதபோது, தற்காலிகமாகப் பிளாஸ்டிக் போதும். புற்றுநோய் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியை அடைத்தால் உலோகமே மேல் என்கிறது 2018இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டி. புற்றுநோயா என்று உறுதியாகும் முன் உறையில்லாத உலோகத்தை வைக்கக் கூடாது.

● உலோகத்தின் விலை பல மடங்கு அதிகம். ஆனால் பிளாஸ்டிக்கைத் திரும்பத் திரும்ப மாற்றும் செலவையும் அலைச்சலையும் சேர்த்துப் பார்த்தால், நெடுநாள் தேவைப்படுவோருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. விலைச்சீட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

● பொங்கோல்வாசிகளே, கண் மஞ்சளானால் கைவைத்தியத்தில் நாள் கடத்தாமல் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். மஞ்சளோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அது அவசரநிலை. 2018இல் திறக்கப்பட்ட செங்காங் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவு பக்கத்தில்தான் இருக்கிறது; நோயாளி தளர்ந்திருந்தால் 995ஐ அழையுங்கள்.

● மறந்துபோன பிளாஸ்டிக் ஸ்டென்ட் உயிருக்கே ஆபத்தான கிருமித்தொற்றைக் கொண்டுவரும். வீட்டில் பெரியவர் யாருக்காவது குழாய் வைத்திருந்தால் மூன்று கேள்விகளை மருத்துவரிடம் கேளுங்கள்: எந்த வகை? எப்போது மாற்ற வேண்டும் அல்லது எடுக்க வேண்டும்? எம்ஆர்ஐ எடுக்கலாமா? மாற்ற அல்லது எடுக்க வேண்டிய தேதியை இன்றே கைப்பேசியில் குறித்துவையுங்கள்.