வெப்பமடையும் கடலும் கண்டத்திட்டின் மீன்வளமும்

நமது மேற்குக் கரையை ஒட்டிய கண்டத்திட்டு, மீன்வளம் மிக்க கடற்பகுதிகளுள் ஒன்றாகும். கரையிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் ஆழம் வரை சரிந்து செல்லும் இப்பகுதியின் வளத்திற்கு அடிப்படை, ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்ந்த நீரே. புவி வெப்பமடைவதால் இந்த இயக்கம் மாறுதலுக்கு உள்ளாகிறது. இம்மாற்றத்தை உணர்வது மீன்வளத் திட்டமிடலுக்கு இன்றியமையாததாகும்.

அடிநீர் மேலெழும் விதம்

தென்மேற்குப் பருவக்காலமாகிய ஜூன் முதல் செப்டம்பர் வரை, கேரளக் கரையை ஒட்டி மேற்பரப்பு நீரோட்டம் தெற்கு நோக்கிச் செல்கிறது. கரையோரமாக வீசும் காற்று நீரை உந்த, புவியின் சுழற்சி அந்நீரை வலப்புறமாக, அதாவது கரையிலிருந்து விலகும் திசையில் திருப்புகிறது. அவ்விடத்தை நிரப்ப ஆழத்து நீர் மேலெழுகிறது. நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் ஆகிய உப்புக்களை அது சுமந்து வருகிறது. வயலுக்கு எரு எப்படியோ, கடலுக்கு இவ்வுப்புக்கள் அப்படி. கதிரவன் ஒளி படும் மேல்நீரில் இவற்றைக் கொண்டு நுண்பாசிகள் பல்கிப் பெருகுகின்றன. மத்தி என்றும் சாளை என்றும் வழங்கும் மீன், இந்நுண்பாசிகளை உண்டு வளர்கிறது.

வெப்பம் விளைவிக்கும் மாற்றங்கள்

1951 முதல் 2015 வரையிலான காலத்தில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. வெப்பநீர் அடர்த்தி குறைந்தது. குளிர்நீரின் மீது மூடிபோல் மிதப்பது. மேல்நீர் மேலும் வெப்பமடையும்போது இரு அடுக்குகளும் கலப்பது கடினமாகிறது. முன்பிருந்த அதே காற்று வீசினாலும், குறைந்த ஆழத்து நீரே மேலெழுகிறது. அதில் ஊட்ட உப்புக்களும் குறைவு.

மற்றொரு விளைவு உயிர்வளிக் குறைவாகும். வெப்பநீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். கலப்பு குன்றுவதால் அடிநீருக்கு அது சென்றடைவதும் குறைகிறது. பருவக்காலத்தின் பிற்பகுதியில் மேற்குக் கண்டத்திட்டின் அடிநீரில் உயிர்வளி இயல்பாகவே மிகக் குறைந்துவிடுகிறது. அந்நிலையில் சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடுகின்றன. எருவின் ஒரு பகுதி இவ்வாறு இழக்கப்படுகிறது. எனவே, காற்று வலுத்து அடிநீர் மிகுதியாக மேலெழுவதும் எப்போதும் நன்மை பயப்பதன்று. உயிர்வளியற்ற நீர் கரையை நெருங்கினால் மீன்கள் அவ்விடத்தை விட்டு அகலும்.

மத்தி தரும் பாடம்

கேரளத்தில் 2012-இல் சுமார் 3.9 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-இல் கிடைத்ததோ ஏறத்தாழ 3,300 டன் மட்டுமே. 2022-இல் அது மீண்டும் ஒரு லட்சம் டன் அளவுக்கு உயர்ந்தது. இந்த ஏற்றத்தாழ்வு முழுவதற்கும் புவி வெப்பமே காரணம் என்று கூறுவது பொருந்தாது. எல் நினோ, பருவமழையின் போக்கு, இளம் மீன்களைப் பிடித்தல் ஆகியனவும் இதில் பங்கு கொள்கின்றன. ஆயினும், கடல் தரும் உணவே நிலையற்றதாகும்போது, மிகைப்பிடிப்பின் தீங்கு பன்மடங்காகிறது என்பதில் ஐயமில்லை. அந்தச் சுமை முதலில் விழுவது சிறுபடகு மீனவர் குடும்பங்களின் மீதே.

செய்ய வேண்டுவன

10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கேரளம் தடை விதித்துள்ளது. ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம், மேற்பரப்பு வெப்பநிலையையும் பச்சைய அளவையும் செயற்கைக்கோள் மூலம் கணித்து, மீன் கிடைக்கக்கூடிய இடங்களை அறிவித்து வருகிறது. இவை பயனுள்ள முயற்சிகள். ஆனால் செயற்கைக்கோள் காண்பது மேற்பரப்பை மட்டுமே. மீனவரின் வருவாயை நிர்ணயிக்கும் மாற்றங்களோ அதற்குக் கீழே நிகழ்கின்றன. கண்டத்திட்டின் அடிநீரில் உயிர்வளியையும் ஊட்ட உப்புக்களையும் தொடர்ந்து அளந்து, வளம் குன்றும் ஆண்டுகளில் மீன்பிடிப்பைக் குறைப்பதும், அவ்வாண்டுகளில் மீனவர்க்கு வாழ்வாதார உதவி அளிப்பதும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாக அமைதல் வேண்டும்.