பழைய மெத்தையை யார் எடுப்பார்?

நம்மூர் சுருளிப்பட்டித் தெருவில் பழைய இரும்பு வியாபாரியின் குரல் கேட்டால் ஓட்டைக் குடமும் துருப்பிடித்த கம்பியும் வாசலுக்கு வந்துவிடும். எடை போட்டுக் காசு தருவார். சென்னையில் குடியேறிய நம்மூர்ப் பிள்ளைகளுக்கோ வேறு கணக்கு. இரும்பையும் பேப்பரையும் அங்கே காயலான் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். பஞ்சு பிதுங்கும் மெத்தை, கால் உடைந்த சோபா? அவற்றை மறுபடி விற்க முடியாது. ஆகவே எடுத்துப்போக நாம்தான் கூலி தர வேண்டும்.

தனியார் சேவைக்குப் போன் போட்டால் முதலில் வாட்ஸ்அப்பில் படம் கேட்பார்கள். வண்டியில் எவ்வளவு இடம் அடைக்கும், எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்பதைப் பொறுத்துத் தொகை சொல்வார்கள். ஏற்றும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். மெத்தை பாதிப் படியில் நிற்கும்போது பேரம் படியாது. சரக்கு எங்கே போகிறது என்றும் கேளுங்கள். காசை வாங்கிக்கொண்டு ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

மாநகராட்சி வழியும் உண்டு. பழைய மெத்தை, சோபா, துணி, மின்னணுக் கழிவு போன்றவற்றைச் சனிக்கிழமைகளில் வீடு தேடி வந்து எடுக்கும் ஏற்பாட்டைச் சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரில் தொடங்கியது. 1913 என்ற எண்ணிலோ ‘நம்ம சென்னை’ செயலியிலோ முன்கூட்டியே பதிய வேண்டும். வீட்டை இடித்த செங்கலையும் காரையையும் இதில் சேர்க்காதீர்கள், அதற்கு விதிகள் வேறு.

பழைய கைபேசியையோ கணினியையோ கொடுப்பதாக இருந்தால், உள்ளே இருக்கும் படங்களையும் வங்கி விவரங்களையும் அழித்து, சிம்மைக் கழற்றிய பிறகே கொடுங்கள்.