இடம் தந்த இசை

கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி உலகெங்கும் இசைக்கப்படும் மேலைநாட்டுப் படைப்புகள் பல. அவற்றுள் யாவரும் அறிந்த ஒன்றையும், பலர் அறியாத இரண்டையும் இங்கே நோக்குவோம்.

டிசம்பர் மாதத்தில் எங்கும் முழங்குவது ஹாண்டலின் 'மெசியா'. 1741-ஆம் ஆண்டு 24 நாட்களில் அவர் இதனை இயற்றி முடித்தார். ஆயினும் இதன் அரங்கேற்றம் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நிகழவில்லை. 1742 ஏப்ரல் 13 அன்று, உயிர்ப்பு விழாவுக்குச் சில நாட்களே இருக்கையில், அயர்லாந்தின் டப்ளின் நகரில் அது நடந்தேறியது. புகழ்பெற்ற 'அல்லேலூயா' பகுதியும் பாலன் பிறப்பைப் பாடுவதன்று. ஆண்டவரின் பாடுகளையும் உயிர்ப்பையும் கூறும் இரண்டாம் பாகத்தின் நிறைவே அது. அன்று திரண்ட பணம் மருத்துவமனைகளுக்கும், கடனுக்காகச் சிறைப்பட்டோரை மீட்பதற்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 142 பேர் விடுதலை பெற்றனர். பாட்டுக் கேட்கக் கூடியவர்களால் சிறைக்கதவு திறந்தது!

அடுத்து, பிரான்சு நாட்டு ஷர்பான்தியே (1643–1704) இயற்றிய 'நள்ளிரவுத் திருப்பலி'. பாரிஸ் நகரில் இயேசு சபையினரின் ஆலயத்தில் இசைப்பணி ஆற்றியவர் இவர். பொதுமக்கள் வழிவழியாகப் பாடி வந்த பிறப்புப் பாடல்களின் மெட்டுகளைத் தெரிந்தெடுத்து, திருப்பலியின் இலத்தீன் மன்றாட்டுகளுக்குப் பொருத்தினார். சூசையப்பரின் திருமணத்தைப் பாடும் எளிய பாடலின் மெட்டிலேயே 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்ற மன்றாட்டுத் தொடங்குகின்றது. எளியோரின் பாட்டுக்குப் பீடத்தின் அருகே இடம் கிடைத்தது.

மூன்றாவது, 1854-இல் பாரிஸில் அரங்கேறிய பெர்லியோஸின் 'கிறிஸ்துவின் குழந்தைப் பருவம்'. ஏரோதுக்குத் தப்பி எகிப்து வந்த திருக்குடும்பம், சாயிஸ் நகரில் கதவு கதவாகத் தட்டுகின்றது. ரோமையரும் எகிப்தியரும் விரட்டிவிடுகின்றனர். முடிவில் இஸ்மாயேல் வழிவந்த ஒருவர் கதவைத் திறக்கிறார். சூசையப்பரைப் போல் அவரும் தச்சர். அவர்தம் இல்லத்து இளைஞர் இரு புல்லாங்குழலும் யாழும் இசைத்துக் களைத்தோரைத் தேற்றுகின்றனர். இக்காட்சி விவிலியத்தில் இல்லை; கலைஞரின் கற்பனையே. ஆனால் அந்நியரை வரவேற்பது நற்செய்தியின் கட்டளையன்றோ?

சத்திரத்தில் இடம் கிடைக்காதவரைப் போற்றும் இசை, இடமற்றோர்க்கு இடம் தேடித் தருவது பொருத்தமே. நம் பங்குகளிலும் இளைஞர் குழுவினர் பிறப்புப் பாடல்கள் பாடி வீடு வீடாகச் செல்கின்றனர். அவர்கள் திரட்டும் காணிக்கையில் ஒரு பகுதி, கடனால் தலைகுனிந்து நிற்கும் ஒரு குடும்பத்துக்குச் சேருமாயின், டப்ளினில் அன்று எழுந்த பாடல் நம் தெருவிலும் தொடரும். பாலன் இயேசுவும் அந்த வீட்டில் மகிழ்ந்து தங்குவார்.