தொடங்க மறுக்கும் காப்புப்பிரதிச் சேவை

கணினியிலுள்ள கணக்குகளையும் பதிவேடுகளையும் இரவுதோறும் வேறோரிடத்திற் படியெடுத்து வைக்கும் மென்பொருளுக்கு, கண்ணுக்குப் புலப்படாத சேவையொன்று பின்னணியில் இயங்குதல் வேண்டும். அச்சுப்பொறி நின்றால் அரைமணியில் அலுவலகமே ஆரவாரிக்கும். இச்சேவை நின்றாலோ எவ்வேலையும் தடைப்படுவதில்லை. ஆதலின் மாதக்கணக்கில் எவரும் அறியார்.

2023 ஓகஸ்ட் 26 இல், கோப்புகளைப் பூட்டிப் பணங்கேட்கும் ரான்சம்வேர் எனுந் தீநிரல் இலங்கை அரசாங்கத்தின் முகிற்கணினித் தொகுதியைத் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்படப் பல அலுவலகங்கள் மே 17 முதல் அன்றுவரையான மின்னஞ்சல்களை இழந்தன. தொடுப்பிலிருந்த படிகளும் பூட்டப்பட்டன. தொடுப்பகற்றிய படி அக்காலத்திற்கு இருக்கவில்லை. தலைநகரிலேயே இவ்வாறாயின், கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கணினியிற் கணக்கெழுதும் கடைக்காரரும் கைத்தறி வணிகரும் பாடசாலைகளும் விழிப்பாயிருத்தல் எத்துணை அவசியம்!

சேவை தொடங்காதபோது மென்பொருளை அழித்து மீள நிறுவ முற்படுவோர் பலர். நாம் இதனை விரும்புவதில்லை. முந்திய படிகளின் அட்டவணையும் பிழையின் தடயமும் ஒருங்கே அழிந்துவிடக்கூடும். விண்டோஸ் கணினியாயின் முதலிற் சேவைப் பட்டியலைத் திறந்து, அதனைக் கையாற் தொடங்கிப் பார்த்து, திரையில் வரும் பிழையெண்ணைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

1069 என்பது சேவை தன் கணக்கினுள் நுழைய இயலவில்லை எனப் பொருள்படும். அலுவலர் மாறும்போது கடவுச்சொல்லையும் மாற்றுகின்றனர். சேவையோ பழையதையே வைத்திருக்கும். பூட்டை மாற்றிவிட்டுக் காவற்காரனிடம் பழைய திறப்பை விட்டுவைத்தாற் போன்றதே இது. சேவையின் பண்புகளிற் புதிய கடவுச்சொல்லை இட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதற்கென மாறாத தனிக்கணக்கொன்றை வைத்தல் இன்னும் நன்று. 1068 எனின், இது சார்ந்துள்ள வேறொரு சேவை எழவில்லை. அதனை முதலில் எழுப்புக. 1053 எனின், குறித்த நேரத்துள், வழக்கமாக 30 செக்கனுள், மறுமொழி கிடைக்கவில்லை. பழைய கணினிகளில் எல்லாம் ஒருங்கே விழித்தெழும் காலை வேளையில் இது நேர்வதுண்டு; தாமதித்துத் தொடங்குமாறு அமைத்தல் போதும்.

எண் துணைசெய்யாவிடின் நிகழ்வுப் பதிவேட்டைப் படித்தல் வேண்டும். வட்டு நிரம்பியிருக்கலாம், நச்சுநிரற்காப்பு சேவையின் கோப்பொன்றைச் சிறைப்படுத்தியிருக்கலாம். 2022 இல் நாடெங்கும் நாம் பட்ட மின்வெட்டை மறக்கவியலாது. அத்தகைய திடீர் நிறுத்தம் அட்டவணைத் தரவுத்தளத்தைச் சிதைத்துவிடும். அதனைச் செப்பனிடுமுன் அக்கோப்புறையை அப்படியே வேறிடத்திற் படியெடுத்து வைக்க.

சேவை எழுந்ததும் வேலை முடிந்ததென எண்ணற்க. அன்றே ஒரு படியைக் கையால் எடுப்பித்து, அதிலிருந்து ஒரு கோப்பை வேறு கோப்புறையில் மீட்டுத் திறந்து பார்த்தல் வேண்டும். பின்னர் ஒரு படியைத் தனிவட்டில் எழுதித் தொடுப்பகற்றி வைக்க. 2004 டிசெம்பர் 26 இல் கடல் புகுந்த கரை நம்முடையது. அவ்வட்டு அடுத்த அறையிலன்றிச் சம்மாந்துறையிலோ அம்பாறை நகரிலோ இருப்பது நன்று.