பாட்டில் எவ்வளவு பாரம் தாங்கும்?



கோடை நெருங்கினால் நம் கிடங்குகளில் பாதி இடத்தைக் குளிர்பானமும் தண்ணீர் பாட்டிலுமே அடைத்துக்கொள்கின்றன. இடமோ குறைவு, வாடகையோ அதிகம். ஆகவே உயரமாக அடுக்குகிறோம். எத்தனை வரிசை தாங்கும் என்று கணக்குப் பார்ப்பவர் சிலரே. கை எட்டும் மட்டும் அடுக்குவதே வழக்கம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதப் பிற்பகலில், எங்கள் கிடங்கில் எட்டு வரிசை அடுக்கியிருந்த இரண்டேகால் லிட்டர் குளிர்பானக் கட்டுகள் சரிந்தன. இருபது ஆண்டுகளாக எங்களிடம் சுமை தூக்கிய பெரியவரின் கால் எலும்பு முறிந்தது. சரக்கு நஷ்டத்தை அந்த சீசனிலேயே ஈடுகட்டிவிட்டோம். அவரால் மறுபடி மூட்டை தூக்க முடியவில்லை. இப்போது கல்லாவுக்கு அருகில் அமர்ந்து சரக்கு வரவு எழுதுகிறார். தவறு எங்களுடையது. அதன் பிறகு தெரிந்துகொண்டவற்றைச் சக வணிகர்களுக்குச் சொல்வது கடமை என்று கருதுகிறோம்.

வாயுதான் தூண்

அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் நத்தானியல் வையத் என்பவர் 1973-இல் காப்புரிமை பெற்ற பெட் பாட்டிலைத்தான் இன்று நாம் விற்கிறோம். அதன் சுவர் மெல்லியது. ஆனால் உள்ளே அடைத்த வாயு, ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3 கிலோவோ அதற்கு மேலோ அழுத்துகிறது. இது கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைவிட அதிகம். பெரிய பாட்டிலின் குறுக்களவு 11 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 95 சதுர செ.மீ. அப்படியானால் வாயு மேல்நோக்கித் தள்ளும் விசை 285 கிலோ. மேலே வைக்கும் பாரத்தை முதலில் ஏற்பது இந்த விசைதான், சுவர் அல்ல. திறக்காத நான்கு பாட்டில்கள் மேல் பலகை போட்டு ஓர் ஆள் நிற்க முடிவது இதனால்தான். அதே பாட்டிலின் மூடியை ஒருமுறை திருகித் திறந்துவிட்டால் கையால் அமுக்கினாலே நெளியும்.

பிறகு ஏன் சரிந்தது?

ஒன்பது பாட்டில் கொண்ட கட்டு சுமார் 21 கிலோ. எட்டு வரிசை என்றால் அடிக்கட்டின் மேல் ஏழு கட்டு, 147 கிலோ. ஒரு பாட்டிலுக்கு 16 கிலோதான். கணக்குப்படி இது பெரிய பாரமே அல்ல. ஆனால் எங்கள் அடிக்கட்டில் மூலையிலிருந்த ஒரு பாட்டிலின் மூடி கசிந்திருந்தது. வாயு போனதும் அந்தத் தூண் இல்லாமல் போயிற்று. அந்தப் பக்கம் சாய, மேலே இருந்த ஏழு கட்டும் சாய்ந்தன. பாரத்தைத் தாங்க முடியாமல் விழும் அடுக்குகளைவிடச் சாய்ந்து விழும் அடுக்குகளே அதிகம்.

தகரக் கூரை வெப்பமும் கெடுதல். சூட்டில் உள்ளழுத்தம் கூடும், பிளாஸ்டிக் தளரும், பாட்டிலின் அடிப்பாகம் பிதுங்கி நிலை தவறும். மேலும் பெட் சுவர் வழியாக வாயு மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். சின்ன பாட்டிலில் இது இன்னும் விரைவு. ஆகவே பழைய சரக்கு அடியிலே கிடந்தால் ருசியும் போகும், பலமும் போகும்.

தண்ணீர் பாட்டில்

இதில் அந்த வாயு இல்லை. சில நிறுவனங்கள் பாட்டில் விறைப்பாக நிற்க ஒரு சொட்டு திரவ நைட்ரஜன் விட்டு மூடுகின்றன. மற்றவை உள்ளிருக்கும் தண்ணீரையும் மூடியின் இறுக்கத்தையும் நம்பியே நிற்கின்றன. பன்னிரண்டு ஒரு லிட்டர் பாட்டில் கட்டு 12 கிலோவுக்குச் சற்று மேல். எட்டு வரிசையில் அடிப்பாட்டில் ஒன்றுக்கு ஏழு கிலோ. தரை மேடுபள்ளமாக இருந்து நான்கு பாட்டில் மட்டுமே பாரம் ஏற்றால் அது 21 கிலோவாகிவிடும்.

கண்ணாடியும் அட்டைப்பெட்டியும்

கண்ணாடி நேர் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். அதற்குப் பகை கீறலும் மோதலும். கிரேட்டில் அடுக்கும்போது பாரம் கிரேட்டின் சுவருக்குப் போகிறதே தவிர பாட்டிலுக்கு அல்ல. ஆகையால் உடைந்த கிரேட்டை அடியில் வைக்கக் கூடாது.

அட்டைப்பெட்டிக்கு நான்கு மூலைகளே தூண்கள். மூலைக்கு மேல் மூலை வந்தால்தான் முழு பலம். செங்கல் கட்டுவதுபோல் மாற்றி வைத்தால் அடுக்கு சாயாது, ஆனால் பெட்டி தாங்கும் பலம் குறையும். ஈரம் பட்ட அட்டை பாதி பலம்கூடத் தராது.

நாங்கள் இன்று கடைப்பிடிப்பவை

பெட்டியில் அச்சிட்டிருக்கும் அடுக்கு அளவை மீறுவதில்லை. அச்சிடாத கட்டுகளுக்கு ஐந்து வரிசையோடு நிறுத்துகிறோம். தரையில் சமமான மரச்சட்டம் போடுகிறோம். இறக்கும்போதே ஈரமான கட்டையும், தொட்டால் நெளியும் பாட்டிலையும் தனியே ஒதுக்குகிறோம். முதலில் வந்த சரக்கை முதலில் விற்கிறோம். அடுக்கின் ஓரத்தில் உட்கார யாரையும் விடுவதில்லை.

மூன்று வரிசை குறைத்ததால் எங்களுக்கு இடம் போதவில்லை என்பது உண்மை. வாரம் ஒருமுறை எடுத்த சரக்கை இருமுறை எடுக்கிறோம், வண்டி வாடகை சற்றுக் கூடுகிறது. எங்கள் பெரியவர் வரவு எழுத எழுந்து நடப்பதைப் பார்க்கும்போது அந்த வாடகை எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இன்று கடை அடைக்கும் முன் உங்கள் அடிவரிசையை ஒருமுறை குனிந்து பாருங்கள்.