சுமைக்கும் கயிற்றுக்கும் உள்ள கணக்கு

கிடங்கில் மூட்டைகளை மாடிக்கு ஏற்ற நம்மில் பலர் செயின் பிளாக், சிறு கிரேன் வைத்திருக்கிறோம். எடைக் கணக்கு அறிந்த நாம் கயிற்றின் கணக்கையும் அறிவது நல்லது.

50 கிலோ மூட்டைகள் பத்தை இரண்டு கயிறுகளில் தூக்கினால், அவை நேராக நிற்கும்போது ஒவ்வொன்றின் மீதும் 250 கிலோ பாரம். கொக்கியில் 120 டிகிரி விரிந்தாலோ ஒவ்வொன்றின் மீதும் 500 கிலோ! சரக்கு கூடவில்லை, ஆபத்து இரட்டித்துவிட்டது. ஆகவே கயிற்றை நீளமாகப் போட்டு, விரிவைக் குறைப்போம்.

கருவியில் பொறித்துள்ள எடையளவு, கொக்கி, சங்கிலித் தேய்மானம் ஆகியவற்றைப் பார்த்தே தூக்கச் சொல்வோம். தொங்கும் சுமைக்கு அடியில் எவரையும் நிற்க விடலாகாது. ஆண்டுக்கொரு முறை பரிசோதனை வேண்டுமென 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. நாமும் அதை வழக்கமாக்குவோம்.

மூட்டை சிதறினால் நட்டக் கணக்கில் எழுதலாம். தொழிலாளியின் உயிரை எந்தப் பேரேட்டில் எழுதுவோம்?